பட்டு வாங்கப் போனேன், பந்து போட்டேன்!

காஞ்சிபுரம் வரை போய்விட்டு, பட்டுப் புடவை இல்லாமல் வெறும் கையோடு வீடு திரும்பிய கல்யாணமான ஆண் யாராவது உண்டா? உண்டு. அடியேன்தான். அன்று ராத்திரி எனக்குக் கிடைத்தது ஆறிப்போன ரசம் சாதம், தொட்டுக்கொள்ள மௌனம். நடந்ததைச் சொல்கிறேன். நியாயத்தை நீங்களே சொல்லுங்கள்.

மைத்துனன் கல்யாணத்துக்குப் புடவை. மனைவியின் உத்தரவு தெளிவாக இருந்தது: "காந்தி ரோடு கடைங்கள்ல ஏறி இறங்கிட்டு நிக்காதீங்க. நேரா அக்கா வீட்டுக்குப் போங்க. அத்தான் தறியில மாம்பழக் கலர், அரக்கு பார்டர் ஓடிட்டிருக்கு. வாங்கிட்டு அடுத்த பஸ்ஸுல வந்துடுங்க."

இதில் தப்பு செய்ய என்ன இருக்கிறது? பூந்தமல்லியில் பஸ் ஏறினேன். ஸ்ரீபெரும்புதூர் தாண்டும்வரை நின்றேன். அப்புறம் உட்கார இடம் கிடைத்தது; தூங்கினேன். கண்டக்டர் எழுப்பினபோது காஞ்சிபுரம்.

பெரிய காஞ்சிபுரத்தில் எங்கே நின்றாலும் ஏகாம்பரநாதர் கோயில் ராஜகோபுரம் ஏதாவது ஒரு சந்து வழியாக எட்டிப் பார்க்கும். கிருஷ்ணதேவராயர் 1509-ல் கட்டியது. 192 அடி. அதை அண்ணாந்து பார்த்துக்கொண்டே பிள்ளையார்பாளையம் பக்கம் நடந்தேன். ஒரு காலத்தில் தெருத் தெருவாகக் கேட்ட தறிச் சத்தம் இப்போது விட்டு விட்டுத்தான் கேட்கிறது. பத்து வீட்டுக்கு ஒரு 'டக்... டக்...'. அதில் ஒன்று என் சகலை வீடு.

குழித்தறியில் கால்களைத் தொங்கவிட்டு சகலை உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் என் மனைவியின் அக்கா. "வாங்க தம்பி!" என்றவர், அடுத்த வாக்கியத்திலேயே தலையில் கல்லைப் போட்டார்: "புடவை இன்னும் முடியல. முந்தி பாக்கி இருக்கு. ரெண்டு நாளாகும்."

"நீங்க ஏண்ணே போன்ல சொல்லல?"

"நீங்க எங்க கேட்டீங்க?"

நியாயம்தான். காபி வந்தது. காபியோடு கோர்வை பற்றிய பாடமும் வந்தது. உடல் ஒரு நிறம், பார்டர் வேறு நிறம் என்றால் மூன்று நாடா வேண்டும். நெசவாளி ஒருவரே மூன்றையும் ஓட்ட முடியாது. ஒரு பக்கத்துப் பார்டர் நாடாவைப் போட, பக்கத்தில் துணைக்கு ஒருவர் உட்கார வேண்டும். ஒவ்வொரு இழையிலும் உடலும் பார்டரும் ஒன்றையொன்று கோத்துக்கொண்டு போகும். அதனால்தான் புடவை கிழிந்தாலும் பார்டர் பிரியாது என்று பெருமையாகச் சொல்வார்கள். காஞ்சிப் பட்டு புவிசார் குறியீடு வாங்கியது 2005-ல்தான்; கோர்வை அதற்குப் பல தலைமுறை முந்தியது.

"ஏழு வயசுல எங்கப்பா என்னைப் பக்கத்துல உட்கார வெச்சார்" என்றார் சகலை. "ரெண்டு வருஷம் அந்த ஒரு நாடாதான் என் வேலை. அது சரியா வந்தப்புறம்தான் நடுவுல உட்கார விட்டார். விளையாட்டுன்னா எனக்கு என்னன்னே தெரியாது தம்பி. அதான் என் பையனை உட்கார வைக்க மனசு வரல. அவன் பந்தாடிட்டுத் திரியறான்."

"என்ன பந்து? கிரிக்கெட்டா?"

"பாஸ்கெட் பால். அடுத்த வாரம் ஜில்லா டீமுக்கு ஆள் எடுக்கறாங்களாம். பிளஸ் ஒன்லயே செலக்ட் ஆனா, பின்னாடி ஸ்போர்ட்ஸ் கோட்டாவுல வேலை கிடைக்கும்னு மாஸ்டர் சொல்றார். நான் தினமும் போய் வேலிக்கு வெளிய நிக்கறேன். ஒண்ணும் புரியல. நீங்க காலேஜ்ல ஆடினவராச்சே... வந்து பாருங்களேன்."

இங்கேதான் எனக்குத் தொண்டை அடைத்தது.

ஆடினேன், வாஸ்தவம். பி.காம். படிக்கும்போது பன்னிரண்டு பேர் கொண்ட டீமில் நான் பன்னிரண்டாவது ஆள். மூன்று வருஷத்தில் பெரும்பாலும் பெஞ்சைத்தான் காவல் காத்தேன். ஒரே ஒரு நாள் விதி விளையாடியது. நாலு பேர் ஃபவுலில் வெளியே போக, நான் உள்ளே. ஒரு பாயிண்ட் பின்தங்கியிருக்கிறோம். நேரம் முடியும் விநாடியில் எவனோ என் மேல் விழ, எனக்கு இரண்டு ஃப்ரீ த்ரோ. ஒன்று விழுந்தால் சமன், இரண்டும் விழுந்தால் வெற்றி. முதல் பந்து ரிங்கைத் தொடவில்லை. இரண்டாவது போர்டையும் தொடவில்லை. அன்று முதல் கல்லூரியில் என் பெயர் 'ஏர் மெயில்'. பதினைந்து வருஷம் ஆகிறது. இன்றும் பழைய நண்பர்கள் அந்தப் பெயரில்தான் வாழ்த்து அனுப்புகிறார்கள்.

இதையெல்லாம் சகலையிடம் சொல்ல முடியுமா? "வாங்கண்ணே, போவோம்" என்றேன்.

*

அது ஒரு பள்ளி மைதானம். சிமெண்டுத் தரை, பெயிண்ட் உரிந்த போர்டு, வலையில்லாத ரிங். இருபது பையன்களும் பெண்களும். நடுவில், கழுத்தில் விசிலோடு, அறுபதைத் தாண்டிய மாஸ்டர். "பள்ளிக்கூடம் பேரு, என் பேரு எதுவும் போடாதீங்க. எழுதறதுன்னா பயிற்சியைப் பத்தி எழுதுங்க" என்று முதலிலேயே கறாராகச் சொல்லிவிட்டார்.

சரித்திரத்திலும் ஆள் கெட்டி. 1891 டிசம்பர். அமெரிக்காவில் ஸ்பிரிங்ஃபீல்டு என்கிற ஊர். குளிர்காலத்தில் அறைக்குள் ஆட ஒரு ஆட்டம் வேண்டும் என்று ஜேம்ஸ் நெய்ஸ்மித் என்கிற ஒய்.எம்.சி.ஏ. ஆசிரியர் யோசிக்கிறார். பீச் பழக்கூடை இரண்டை மாடிக் கைப்பிடியில் அடித்து மாட்டுகிறார். அந்த உயரம் பத்தடி. இன்று வரை அதே பத்தடிதான். கூடைக்கு அடிப்பாகம் இருந்ததால், பந்து விழுந்தால் ஒரு ஆள் ஏணி வைத்து ஏறி எடுக்க வேண்டும். மொத்தம் 13 விதிகள். அதே ஸ்பிரிங்ஃபீல்டில் படித்த ஹாரி குரோ பக் என்பவர்தான் 1920-ல் சென்னையில் ஒய்.எம்.சி.ஏ. உடற்பயிற்சிக் கல்லூரியைத் தொடங்கினார். இன்றும் நந்தனத்தில் இருக்கிறது. ஸ்பிரிங்ஃபீல்டு கூடை சென்னைக்கு வர முப்பது வருஷம்கூட ஆகவில்லை.

"நம்ம சென்னைப் பொண்ணு அனிதா பால்துரை 2001-லேருந்து 2017 வரைக்கும் இந்தியாவுக்கு ஆடுச்சு சார். 2021-ல பத்மஸ்ரீ. கல்யாணமாகி, குழந்தை பொறந்தப்புறமும் திரும்பி வந்து ஆடுச்சு. அந்தப் பொண்ணும் இப்படி ஒரு கோர்ட்டுலதான் ஆரம்பிச்சிருக்கும்" என்றவர், சட்டென்று திரும்பி விசில் ஊதினார். "டேய்! கிட்டே வா!"

சகலை மகன்தான். தூரத்துக் கோட்டிலிருந்து, அதாவது 6.75 மீட்டரிலிருந்து, மூன்று பாயிண்டுக்கு ஏவிக்கொண்டிருந்தான். பத்தில் இரண்டு விழுந்தது. விழுந்த இரண்டுக்கும் சுற்றும்முற்றும் பார்த்துக்கொண்டான்.

"ஷூட்டிங் ப்ராக்டிஸ்னா எல்லாரும் தூரத்துலேருந்து ஆரம்பிக்கறாங்க" என்றார் மாஸ்டர். "நாங்க மூணடியில ஆரம்பிப்போம். ஒரு கை மட்டும். இன்னொரு கை முதுகுக்குப் பின்னாடி."

நான் கவனித்தவரை முறை இதுதான். பந்து உள்ளங்கையில் படக் கூடாது. விரல் நுனிச் சதையில் உட்கார வேண்டும். முழங்கை பந்துக்கு நேர் கீழே. முழங்கால் லேசாக மடங்கி எழ, கை நீண்டு, மணிக்கட்டு முன்பக்கம் தொங்க வேண்டும். கல்யாண வீட்டில் அட்சதை போட்ட கை அப்படியே நின்றுபோனால் எப்படி இருக்கும்? அப்படி. பந்து பின்பக்கமாகச் சுழன்றபடி போகும். இப்படித் தொடர்ந்து பத்து விழுந்தால் ஒரு எட்டு பின்னால். அங்கே பத்து. ஒன்று தவறினாலும் பழைய இடத்துக்கே. பந்து ரிங்கைத் தொட்டு உருண்டு விழுந்தால் அது கணக்கில் சேராது.

"சார், பந்து ஏன் உயரமா போகணும் தெரியுமா?" என்று ஒரு பழைய சைக்கிள் டயரைப் படுக்கை வாட்டத்தில் என் கண்ணுக்கு நேரே பிடித்தார். "மேலேருந்து பார்த்தா ரிங் வட்டம். பக்கத்துலேருந்து பார்த்தா வெறும் கோடு. பந்துக்கும் அப்படித்தான் தெரியும்."

எனக்குள் இருந்த பி.காம். விழித்துக்கொண்டான். ரிங்கின் குறுக்களவு 45 செ.மீ. பந்து சுமார் 24 செ.மீ. கிட்டத்தட்ட இரண்டு பந்து கொள்ளும் வாய். ஆனால் பந்து தட்டையாக வந்தால் வாய் சுருங்குகிறது. சுமார் 32 டிகிரிக்குக் கீழே சாய்ந்து வந்தால், ரிங்கில் இடிக்காமல் உள்ளே நுழைய வழியே கிடையாது. பதினைந்து வருஷத்துக்கு முன் நான் விட்ட இரண்டும் கல்லெறிந்த மாதிரி தட்டையாகப் போனவை. அன்று எனக்கு ரிங் எதிர்க்கட்சி. இன்றுதான் கணக்குப் புரிந்தது.

பையனுக்கு முகம் வாடிப்போயிற்று. ஆறடி வளர்ந்தவன், ஆறாம் வகுப்புப் பசங்களோடு ரிங்குக்குக் கீழே நின்று போட வேண்டும். வேலிக்கு வெளியே சில பெண்கள் வேறு.

மாஸ்டர் கண்டுபிடித்துவிட்டார். "வெட்கமா இருக்கா? ஜார்ஜ் மைக்கன்னு ஒருத்தர். 1940-கள்ல அமெரிக்காவுல. கிட்டத்தட்ட ஏழடி, சோடாபுட்டிக் கண்ணாடி, நடந்தாலே தடுக்கும். அவரோட கோச் ரே மேயர் என்ன பண்ணார்? கயிறு தாண்ட வெச்சார். டான்ஸ் கத்துக்கச் சொன்னார். ரிங்குக்குக் கீழேயே நிக்க வெச்சு வலது கையால ஒண்ணு, இடது கையால ஒண்ணுன்னு நூத்துக்கணக்குல போட வெச்சார். அந்த ஆள்தான் பின்னாடி அந்தக் காலத்தோட பெரிய ஆட்டக்காரர். இன்னிக்கும் அந்தப் பயிற்சிக்கு மைக்கன் ட்ரில்னுதான் பேர். போய்ப் போடு!"

போட்டான். வலது பக்கம் ஒன்று. வலைக்குப் பதில் கையால் ஏந்தி, தரையில் விடாமல், இடது பக்கம் ஒன்று. இடது கைப் பந்துகள் போர்டின் விளிம்பில் பட்டு ஊர் சுற்றப் போயின. பதினைந்து வயசுச் சிறுமி ஒருத்தி பக்கத்து ரிங்கில் இரு கையாலும் மிஷின் மாதிரி போட்டுக்கொண்டிருந்தாள்.

வெட்கத்துக்கு இன்னொரு கதையும் உண்டு. வில்ட் சேம்பர்லின் என்ற ராட்சதர் 1962 மார்ச் 2-ம் தேதி ஒரே ஆட்டத்தில் 100 பாயிண்ட் எடுத்தார். அன்று 32 ஃப்ரீ த்ரோவில் 28 விழுந்தன. எப்படிப் போட்டார் தெரியுமா? இரண்டு கையாலும் பந்தைத் தொடைகளுக்கு நடுவிலிருந்து மேலே தூக்கிப் போடும் பாணியில். பார்ப்பவர்களுக்குச் சிரிப்பாக இருக்கும் பாணி. அதனாலேயே அப்புறம் அவர் அதை விட்டுவிட்டார். ஃப்ரீ த்ரோவும் அவரை விட்டுவிட்டது. வெட்கம் எவ்வளவு பாயிண்டைச் சாப்பிடும் பாருங்கள்!

*

அடுத்தது டிஃபென்ஸ். பந்தையெல்லாம் வாங்கி மூட்டையில் போட்டுவிட்டார் மாஸ்டர். பிள்ளைகளின் முகங்கள் ஹோம்வொர்க் வந்த மாதிரி ஆயின.

"உட்கார்!"

எல்லோரும் நாற்காலி இல்லாமல் உட்கார்ந்தார்கள். முழங்கால் மடங்கி, முதுகு நேராக, பாதங்கள் தோளைவிட அகலமாக. "நீங்களும் முயற்சி பண்ணலாமே சார்?" என்றார் என்னிடம். ஆபீஸில் நாள் முழுக்க உட்கார்ந்தே சம்பளம் வாங்குகிறவன்தானே, இதென்ன பிரமாதம் என்று உட்கார்ந்தேன். இருபதாவது விநாடியில் தொடை நடுங்கியது. நாற்பதாவதில் ஏகாம்பரநாதர் தெரிந்தார்.

பக்கவாட்டில் நகர வேண்டும். கால்கள் ஒன்றையொன்று தாண்டக் கூடாது, ஒட்டவும் கூடாது. ஒருவன் கோணல்மாணலாகப் பந்தைத் தட்டிக்கொண்டு வர, எதிரே ஒருவன் இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கோத்துக்கொண்டு மறிக்க வேண்டும். "கையை ஏன் கட்டிட்டீங்க?" என்றேன். "கை இருந்தா சோம்பேறி ஆயிடுவான் சார். பந்தைத் தட்டிப் பறிக்கப் பார்ப்பான், ஃபவுல் ஆகும். கால் வேலை செய்யட்டும்."

"எதைப் பார்க்கணும்?" என்று கத்தினார்.

"இடுப்பை!" என்று கோரஸ்.

"ஏன்?"

"கண்ணு பொய் சொல்லும், தோள் பொய் சொல்லும், பந்து பொய் சொல்லும். இடுப்பு பொய் சொல்லாது சார்!"

பிறகு, ரிங்குக்குக் கீழேயிருந்து ஓடிப்போய், பந்து வைத்திருப்பவன் முன்னால் நிற்கிற பயிற்சி. முதல் பாதி பாய்ச்சல். கடைசி மூன்று அடிகள் குட்டிக் குட்டியாக, ஒரு கை மேலே. முழு வேகத்தில் போய் எகிறினால், அவன் பந்தைப் போடுகிற மாதிரி பாவனை செய்துவிட்டு நம் கக்கத்துக்குக் கீழே போய்விடுவான். கடைசியாக நாலுக்கு நாலு. பந்து ஒருவன் கையிலிருந்து இன்னொருவன் கைக்குப் போகும்போது, தடுக்கிற நாலு பேருமே நகர வேண்டும்; பந்து காற்றில் இருக்கும்போதே. "கைக்குப் போனப்புறம் நகர்ந்தா, நீ வேடிக்கை பார்க்க வந்தவன்!"

எனக்கு இது சுலபமாகப் புரிந்தது. கூடை போடுவது வரவு. தடுப்பது செலவைக் குறைப்பது. எதிராளியின் இரண்டு பாயிண்டைத் தடுத்தால் வித்தியாசம் அதே இரண்டுதான். ஆனால் வரவுக்குத்தான் கைதட்டல். செலவைக் குறைத்தவனை எந்த ஆபீஸிலாவது தோளில் தூக்கியிருக்கிறார்களா?

வேலிக்கு வெளியே டி.வி.எஸ். 50 மேல் சாய்ந்து நின்ற சகலையிடம் இதைச் சொன்னேன். அவர் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "அப்போ இது பக்கத்து நாடா வேலை" என்றார். "புடவையைப் பார்க்கறவங்க நெசவாளியைத்தான் கேப்பாங்க. பக்கத்துல உட்கார்ந்தவங்களை யாரும் கேக்க மாட்டாங்க. ஆனா அவங்க ஒரு தடவை அசந்தா கோர்வை விட்டுப்போயிடும்."

*

இருட்டத் தொடங்கியது. கடைசிக் கட்டம் ஃப்ரீ த்ரோ. போர்டிலிருந்து 15 அடியில் கோடு. பையன் பத்துப் போட்டான், நாலு விழுந்தது. முழங்கையை நேராக்கச் சொன்னார் மாஸ்டர். மறுபடி பத்து, மறுபடி நாலு. பையன் பந்தைத் தரையில் ஓங்கி அடித்தான். "செலக்ஷன்ல இதைத்தான் முதல்ல பார்ப்பாங்க" என்று மாஸ்டரும் கவலைப்பட்டார்.

சகலை என் சட்டையைத் தொட்டார். "தம்பி, எனக்கு ஆட்டம் தெரியாது. தப்பா இருந்தா விட்டுடுங்க. அவனுக்குக் கால் நிமிர்ந்து முடிஞ்சப்புறம்தான் கை கிளம்புது. நடுவுல ஒரு மூச்சு நிக்குது. தறியில மிதியும் கையும் இப்படிப் பிரிஞ்சா இழை சீரா விழாது."

மாஸ்டரிடம் சொன்னேன். அவர் பேசாமல் நாலு பந்து பார்த்தார். பிறகு வேலி ஓரம் வந்து, "ஐயா, நீங்க உள்ள வாங்க" என்றார். தினமும் வெளியே நின்றவர், செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார். கோயிலுக்குள் வருகிற மாதிரி.

"நான் முழங்கையையே பார்த்துட்டிருந்தேன். நீங்க சொன்னதுதான் சரி. கால் தர்ற வேகம் கைக்கு வர்றதுக்குள்ள செத்துப்போகுது" என்றவர், பையனை மறுபடி மூணடிக்கு அனுப்பினார். கால் எழும்போதே கை. இருபது தடவை. பிறகு கோட்டுக்கு வந்தான். பத்தில் ஆறு. அதிசயமெல்லாம் இல்லை. நாலு ஆறாயிற்று, அவ்வளவுதான். சகலை மட்டும் ஏதோ ஜரிகை உரசிப் பார்த்த மாதிரி தலையாட்டிக்கொண்டார்.

கடைசியில் கோர்ட்டைக் குறுக்கே நாலு தடவை ஓடிவிட்டு, மூச்சு வாங்க வாங்க இரண்டு ஃப்ரீ த்ரோ. "ஆட்டத்துல யாரும் ஓய்வெடுத்துட்டு வந்து ஃப்ரீ த்ரோ போடறதில்ல. அதனால களைப்புலதான் பழகணும்" என்பது மாஸ்டர் கட்சி.

பையனுக்கு என்ன தோன்றியதோ, "சித்தப்பா, நீங்க ரெண்டு போடுங்க!" என்றான்.

ஓடினேன். ஏழாவது கர்ப்பம் மாதிரி வயிறு முன்னால் ஓட, நான் பின்னால் ஓடினேன். கோட்டில் நின்றேன். பதினைந்து வருஷம். அதே பதினைந்து அடி. மூன்று முறை பந்தைத் தட்டினேன். ஒரு மூச்சு. கால் எழும்போதே கை.

முதல் பந்து ரிங்கின் முன் விளிம்பில் பட்டுத் திரும்பியது. பட்டதே! எனக்குள் ஒரு சந்தோஷம். இரண்டாவது உயரமாகப் போய், ரிங் மேல் மூன்று தடவை யோசித்து, உள்ளே விழுந்தது. இருபது பிள்ளைகளும் கை தட்டினார்கள். ஏர் மெயில், தாமதமானாலும், பெரிய காஞ்சிபுரத்தில் டெலிவரி ஆயிற்று.

கடைசி பஸ்ஸில் ஏறியபோதுதான் புடவை ஞாபகம் வந்தது. ரசம் சாதம் கதை உங்களுக்குத் தெரியும்.

புடவை நாலாம் நாள் வந்து சேர்ந்தது. பார்டரைத் தடவிப் பார்த்த மனைவி என்னை மன்னித்தாள். அடுத்த வாரம் சகலை போன் செய்தார்.

"செலக்ட் ஆகல தம்பி. பன்னிரண்டு பேரை எடுத்தாங்க. இவன் பதிமூணாவதா நின்னுட்டான். ஃப்ரீ த்ரோ மட்டும் பத்துக்கு ஏழு."

"அழுதானா?"

"ராத்திரி அழுதான். காலையில அஞ்சரை மணிக்கு, வண்டியை எடுப்பான்னு என்னை எழுப்பிட்டான்."

"எங்கே நின்னு போட்டான்?"

"ரிங்குக்குக் கீழேதான். நான் பந்து எடுத்துப் போட்டுட்டு இருந்தேன்."